பிரிக்கப்படாத கட்டுகள்: பத்திரிகை முகவர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பத்திரிகை முகவர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

மதுரையிலிருந்து சிறுவர்களுக்கான சித்திரக்கதை இதழ் ஒன்றை வெளியிட்டு வருபவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விற்காத பிரதிகளைத் திருப்பி அனுப்பும் ஏற்பாட்டை காமிக்ஸுக்கும் சிறு இதழ்களுக்கும் மட்டுமாவது கைவிட்டு, குறைவான பிரதிகளை அதிகக் கழிவில் (தள்ளுபடியில்) ரொக்கத்துக்கு வாங்கிக்கொள்ளும் முறைக்கு நீங்கள் மாற வேண்டும். விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வது பதிப்பாளர் கடைக்காரருக்குச் செய்யும் சலுகை என்றே இரு தரப்பும் இதுவரை நினைத்து வந்திருக்கிறோம். எங்கள் இதழ்களைக் கடையின் முகப்புக்கு வரவிடாமல் செய்வதே அந்தச் சலுகைதான் என்பது என் உறுதியான கருத்து.

ரிட்டர்ன் வரும் கட்டுகளைப் பிரித்துப் பார்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு மாவட்டத் தலைநகரிலிருந்து திரும்பி வந்த கட்டில் நாங்கள் போட்டனுப்பிய சணல் முடிச்சு அவிழ்க்கப்படாமல் அப்படியே இருந்தது. மேலே செருகியிருந்த பில்லும், கடையில் தொங்கவிடுவதற்காக மடித்து வைத்த சுவரொட்டியும் மடிப்புக் கலையாமல் உள்ளேயே கிடந்தன. அந்த இதழை அந்த ஊர்ப் பிள்ளைகள் வேண்டாம் என்று ஒதுக்கவில்லை, அப்படி ஒன்று வந்திருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அதே வாரம் வேறோர் ஊரிலிருந்து இரண்டே பிரதிகள் திரும்பின. அவற்றில் ஒன்றின் அட்டை ஒரு பக்கம் மட்டும் வெயிலில் வெளிறி, கிளிப் மாட்டிய இடத்தில் துருக்கறை படிந்திருந்தது. அதை மறுபடி விற்க முடியாதுதான் என்றாலும், அந்தக் கடைக்காரர் இதழை நாள்கணக்கில் வெளியே தொங்கவிட்டிருக்கிறார் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை. அனுப்பியதில் மற்ற அனைத்தும் விற்றிருந்தன.

முடிச்சை அவிழ்க்காதவர்மீது எனக்குக் கோபமில்லை. விடியற்காலையில் நாளிதழ்க் கட்டுகள் வந்து இறங்கும்போது, வீடுகளுக்குப் போடும் பையன்களுக்குப் பிரித்துக் கொடுத்து, இணைப்புகளைச் செருகி, வெளியூர்க் கடைகளுக்கான பங்கை முதல் பேருந்தில் ஏற்றுவதற்குள் முகவருக்கு மூச்சு முட்டிவிடும். அன்றைய நாளிதழ் அன்று மாலையே பழைய பேப்பர் ஆகிவிடும் என்பதால் அவருடைய கவனம் முழுவதும் அதன்மீது இருப்பது இயல்பு. பின்னர் வார இதழ்கள், ஆன்மிக இதழ்கள், போட்டித் தேர்வு இதழ்கள், குருப்பெயர்ச்சியோ சனிப்பெயர்ச்சியோ வந்தால் அதற்கான பலன் புத்தகங்கள் என்று வரிசை நீள்கிறது. பெட்டிக்கடைக்காரரின் நிலைமை இதைவிட நெருக்கடியானது. முன்பு இதழ்கள் தொங்கிய கயிற்றில் இன்று ஷாம்பு பாக்கெட்டுகளும் சிப்ஸ் பாக்கெட்டுகளும் தொங்குகின்றன. அவை தினமும் விற்கின்றன. இந்நிலையில், விற்றால் சில ரூபாய் கிடைக்கும், விற்காவிட்டால் ஒரு பைசா நட்டமில்லை என்ற நிபந்தனையோடு வரும் சரக்கு மூலையில்தான் கிடக்கும். பெரிய அளவில் அச்சிடும் காமிக்ஸ் கிளிப்பில் நிற்காமல் வளைந்து விழுகிறது என்று சில கடைக்காரர்கள் சொன்னது உண்மைதான். அதற்காகவே அளவைக் குறைத்தோம்.

திருப்பி அனுப்பப்படும் பிரதிகளின் செலவு எங்கேயும் மறைந்துவிடுவதில்லை. தாள், அச்சு, பைண்டிங், போக வர பார்சல் கட்டணம் எல்லாம் பதிப்பாளர் கணக்கில் சேர்கின்றன. அதை ஈடுகட்ட அவர் விலையை ஏற்றுகிறார், விலை ஏறியதால் விற்பனை குறைகிறது, விற்பனை குறைந்ததால் கடைக்காரர் இதழை இன்னும் உள்ளே தள்ளுகிறார். பணம் வந்துசேருவதோ அடுத்த இதழ் போய்ச் சேர்ந்த பிறகுதான், அதுவும் ரிட்டர்ன் கணக்கு முடிந்த பிறகுதான்.

தமிழில் காமிக்ஸ் கடைகளில் விற்காது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியதும், 1984-இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்ததும், ஒரு தலைமுறையே பேருந்து நிலையக் கடைகளில் அவற்றைத் தேடி வாங்கிப் படித்ததும் உங்களில் மூத்தவர்கள் கண்ணால் கண்டவை. ராணி காமிக்ஸுக்குப் பின்னால் பெரிய நாளிதழ் நிறுவனம் ஒன்றின் விற்பனைக் கட்டமைப்பு இருந்தது. மற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை. லயனும் முத்துவும் இன்று பெரும்பாலும் சந்தாதாரர்களையும் இணைய விற்பனையையும் புத்தகக் காட்சிகளையும் நம்பி நடக்கின்றன. அவை நிலைத்து நிற்பதில் மகிழ்ச்சியே. ஆனால் சந்தா கட்டுபவர் பெரும்பாலும் அந்த நாளில் கடையில் வாங்கிப் படித்து வளர்ந்தவர். இன்றைய பத்து வயதுப் பிள்ளை, அப்பாவோடு பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் கண்ணில் படாத ஒன்றுக்குச் சந்தா கேட்டு அடம்பிடிக்கப் போவதில்லை. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா இன்று வருவதில்லை. கோகுலமும் சுட்டி விகடனும் அச்சில் நின்றுபோயின. கடைகளில் சிறுவர் இதழ்களுக்கு இருந்த இடமே ஏறக்குறைய காலியாகிவிட்டது.

அஞ்சல் வழியும் முன்போல் இல்லை. நூல்களைக் குறைந்த கட்டணத்தில் அனுப்ப உதவிய பதிவு நூல் அஞ்சல் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் தொடங்கிய ஞான் போஸ்ட் என்ற நூல் அஞ்சல் சேவை, குறிப்பிட்ட கால இடைவெளியில் வெளிவரும் இதழ்களை ஏற்பதில்லை. ஆகவே சிறு பதிப்பாளருக்கு உங்கள் கடையை விட்டால் வேறு போக்கிடம் சுருங்கிக்கொண்டே வருகிறது.

நான் கேட்கும் முறை புதிதல்ல. அமெரிக்காவில் காமிக்ஸ் நெடுங்காலம் ரிட்டர்ன் முறையில்தான் விற்றது. விற்காத பிரதிகளின் அட்டையை மட்டும் கிழித்து அனுப்பிக் கணக்குத் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் அங்கே இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் நியூயார்க்கைச் சேர்ந்த ஃபில் சூலிங் என்பவர், திருப்பித் தர மாட்டேன், அதற்கு ஈடாகக் கழிவை உயர்த்துங்கள் என்று பதிப்பாளர்களிடம் பேசி ஒப்பந்தம் செய்துகொண்டார். தொழில் பிழைத்தது அந்த ஒப்பந்தத்தால்தான் என்பார்கள். ஆனால் காலப்போக்கில் காமிக்ஸ் அதற்கென்றே திறந்த தனிக்கடைகளுக்குள் ஒடுங்கி, தெருமுனைக் கடைகளிலிருந்து காணாமல் போனது. கதையின் அந்தப் பிற்பாதியை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. ரொக்கக் கொள்முதல் சாதாரணக் கடைகளிலேயே நடக்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

என் தரப்பிலிருந்து நான் தரக்கூடியது இதுதான். இதழின் விலை 60 ரூபாய். அதில் பாதியைக் கழிவாகத் தருகிறேன்: முகவருக்கு 10 விழுக்காடு, கடைக்காரருக்கு 40 விழுக்காடு. ஐந்து பிரதிகள் எடுக்கும் கடைக்காரர் கொடுக்க வேண்டியது 180 ரூபாய். மூன்று பிரதிகள் விற்றாலே அந்தப் பணம் கைக்கு வந்துவிடும். மீதி இரண்டும் அவருடைய லாபம். காமிக்ஸ் நாளிதழைப் போல ஒரே நாளில் பழசாகிவிடுவதில்லை. அடுத்த இதழ் வந்த பிறகு பழையதையும் சேர்த்து விலை குறைத்து விற்றுக்கொள்ளலாம், அல்லது அப்படியே வைத்திருக்கலாம். பழைய தமிழ் காமிக்ஸைத் தேடி அலைந்து அட்டை விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து வாங்குபவர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அட்டை வெளியே தெரியும்படி முதல் பதினைந்து நாள்களாவது இதழை மாட்டி வைக்க வேண்டும் என்பது மட்டுமே நான் கேட்கும் நிபந்தனை. பிள்ளைகள் நின்றபடியே நாலு பக்கம் புரட்டினால் தயவுசெய்து விரட்டாதீர்கள். அவர்கள் புரட்டுவதற்கென்று ஒரு பிரதியை இலவசமாகவே சேர்த்து அனுப்புகிறேன்.

சிறு இதழ்கள் சொன்ன தேதிக்கு வருவதில்லை என்று நீங்கள் சொல்லும் குறை நியாயமானது. ரொக்கம் கொடுத்து வாங்குபவருக்கு அந்த நிச்சயமின்மை கூடாது. எனவே, அறிவித்த தேதியிலிருந்து ஐந்து நாள்களுக்கு மேல் தாமதமானால் அந்த இதழை மட்டும் பழைய முறைப்படி திருப்பி எடுத்துக்கொள்கிறேன், கட்டணமும் என்னுடையது.

இந்த ஏற்பாட்டை எல்லா ஊர்களிலும் ஒரே நாளில் தொடங்க முடியாது. மதுரை, திண்டுக்கல், விருதுநகர், தேனி மாவட்டங்களின் முகவர்கள் முதலில் ஒப்புக்கொண்டால், பேருந்து நிலையங்களுக்கும் பள்ளிகளுக்கும் அருகிலுள்ள கடைகளை அவர்களே தேர்ந்தெடுத்து, கடைக்கு எத்தனை பிரதி என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். அடுத்த இதழ் அச்சுக்குப் போவதற்கு முன் அந்த எண்ணிக்கை என் கைக்கு வந்துவிட்டால், அதற்கு மேல் ஒரு பிரதியும் கடைகளுக்கென்று அச்சிட மாட்டேன்.

இப்படிக்கு,
சிறுவர் சித்திரக்கதை இதழ் ஒன்றின் பதிப்பாளர்,
மதுரை