யூஷு மலைக்கிராமத்துக்காக ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

சீனாவின் சிங்ஹாய் மாகாணத் தலைநகர் சைனிங்கில் மருத்துவம் படித்தபோது, என் திபெத்திய வகுப்புத் தோழனின் ஊருக்கு விடுமுறைக்குப் போயிருந்தேன். அதே மாகாணத்தில், சைனிங்கிலிருந்து யூஷு என்ற ஊர் சுமார் 800 கிலோமீட்டர். அதைத் தாண்டி இன்னும் மேலே ஏறினால், கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்தில் அந்தக் கிராமம். ஓடைக்கரை நெடுக நூடுல்ஸ் உறை, பழைய பேட்டரி, உடைந்த பாட்டில். கழிப்பறை ஒன்றுகூட இல்லை. நான் அனுப்பிய படங்களைப் பார்த்த உடனே பணம் அனுப்பினீர்களே, அதற்கு முதல் நன்றி. அந்தப் பணத்துக்கு உயிர் கொடுத்தவர்களையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொத்தனார் தாத்தாவிடமிருந்து தொடங்குகிறேன். தண்ணீர் ஊற்றும் கழிப்பறை அந்தக் குளிருக்குச் சரிவராது, குழாய் உறைந்து வெடித்துவிடும். அதனால் கழிவு சேர கீழே இரண்டு அறை வைத்த, தண்ணீர் தேவைப்படாத உலர் கழிப்பறை கட்டினோம். ஒரு அறை நிரம்பினால் அதை மூடி மட்கவிட்டு, மற்றதைப் பயன்படுத்த வேண்டும். அங்கே அடுப்பெரிவது யாக் சாணத்தில். அந்தச் சாம்பலையே ஒவ்வொரு முறையும் மேலே தூவலாம். நான் போட்ட வரைபடத்தில் அறைக்கதவு வடக்குப் பக்கம் இருந்தது. முதல் குளிர்காலத்திலேயே உள்ளே எல்லாம் கல்லாக உறைந்துவிட்டது. தாத்தா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கதவைத் தெற்குப் பக்கம் மாற்றி, தகரத்தில் கறுப்பு பெயின்ட் அடித்தார். வெயிலின் சூடு உள்ளே இறங்கத் தொடங்கியது. கூலி வாங்க மறுத்துவிட்டார்.

மடத்திலிருந்து வந்த பிக்குவுக்கும் நன்றி. ஊற்றுகளில் 'லு' எனும் நாகம் போன்ற நீர்த்தெய்வங்கள் வாழ்வதாகவும், நீரை அசுத்தம் செய்தால் தோல்நோய் வருமென்றும் அங்கே நம்பிக்கை. நம் ஊரில் நாகதோஷம் என்பார்களே, அதுபோல. அதை நினைவூட்டி அவர் பேசிய மறுநாளே ஊரே ஓடையில் இறங்கிக் குப்பை பொறுக்கியது. அந்த ஓடைத் தண்ணீர் ட்ஸா சூ ஆற்றில் கலக்கிறது. அந்த ஆறுதான் கீழே மீகாங்.

அப்புறம் அந்த ஊர்ப் பெண்கள். அம்மாவை அங்கே 'அமா' என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். ஆட்டையும் யாக்கையும் அறுத்தால் நோய்பிடித்த ஈரலை நாய்களுக்கு வீசுவது வழக்கம். அதைத் தின்ற நாயின் குடலில் நாடாப்புழு வளரும், நாயின் மலத்தில் அதன் முட்டை வெளியேறும். அந்த முட்டை கை வழியாக வாய்க்குப் போனால் மனிதரின் ஈரலில் நீர்க்கட்டி வளரும். திபெத்தியப் பீடபூமியில் இது பெரிய நோய். விஷயம் புரிந்ததும் அமாக்கள் அந்த ஈரலைப் போட ஆழமான குழி தோண்டி, நாய் நுழையாதபடி வேலி கட்டினார்கள். குழந்தைகளின் கையைக் கழுவிவிடுவதும், கழிப்பறையில் சாம்பல் தீராமல் பார்த்துக்கொள்வதும் இன்றுவரை அவர்கள்தான். இவ்வளவு வேலைக்கு என் நன்றி போதாது என்று எனக்குத் தெரியும்.

வெறும் வண்டியோடு திரும்பும்போதெல்லாம் பிளாஸ்டிக் மூட்டைகளை நகரத்துக்கு ஏற்றிச்செல்லும் லாரிக்கார அண்ணனுக்கும் நன்றி.

இந்த மடலை என் தோழன் திபெத்திய மொழியில் ஊராருக்குப் படித்துக்காட்டுவான். நிரம்பிய முதல் அறை ஒரு வருடத்துக்கும் மேலாக மூடியே கிடக்கிறது. வரும் வசந்தத்தில், பார்லி விதைப்புக்கு முன்னால் அதைத் திறக்கப்போகிறோம். மண்வெட்டி பிடிக்க நானும் போகிறேன்.