ஸ்டூல் இருக்கிறது, உட்காரத்தான் முடியவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

கடைகளில் தொழிலாளர் துறை ஆய்வு நடத்தியதாக வரும் செய்திகளை நான் விடாமல் படிப்பேன். மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் 14 வருடம் சேலைப் பிரிவில் நின்றவள் நான். அந்த ஆய்வு பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கடை சின்னது. தரையில் மெத்தை விரித்து மேலே வெள்ளைத் துணி போட்டிருப்பார்கள். வாங்க வருகிறவர்களும் உட்காருவார்கள், நாங்களும் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் சேலையை விரித்துக் காட்டுவோம். பிறகு ஐந்து மாடிக் கட்டடம் எழும்பியது. மெத்தை போய்க் கண்ணாடிக் கவுண்டர் வந்தது. காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதரை. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். வெறுங்காலில் கிரானைட் தரை. ஆள் வராத மத்தியான நேரத்தில்கூட ரேக்கில் சாயக் கூடாது. கேமராவில் பார்த்துக்கொண்டே இருந்து மைக்கில் கூப்பிடுவார்கள்.

இடது கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகப் புடைத்து, மண்புழு மாதிரி சுருண்டுவிட்டது. பெரியாஸ்பத்திரியில் காட்டினேன். டாக்டர் காலைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “ஜவுளிக்கடையா?” நடந்தால் கெண்டைச் சதை இறுகி ரத்தத்தை மேலே தள்ளும், ஒரே இடத்தில் நின்றால் அது கீழேயே தேங்கி நரம்பு வீங்கும் என்று விளக்கினார். பத்து நிமிடம் கிடைத்தாலும் உட்காரும்மா என்றார். எங்கே உட்கார?

2021 செப்டம்பரில் அதற்குச் சட்டமே வந்தது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று எழுதினார்கள். கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி 2018-லேயே வாங்கிவிட்டார்கள். நின்று வேலை செய்பவருக்கு உட்கார ஏற்பாடு வேண்டும் என்று தொழிற்சாலைகளுக்கு 1948-லேயே சட்டம் இருந்தது. அது கடைக்கு வந்து சேர 73 வருடம் ஆனது. ஆனாலும் செய்தி வந்த அன்று எங்கள் சாப்பாட்டு அறையில் ஒருத்தி அழுதே விட்டாள்.

அப்புறம் ஒருநாள் காலை பதினோரு மணிக்கு ஆய்வுக்கு வந்தார்கள். வருவது முன்பே தெரிந்திருக்க வேண்டும், பத்து மணிக்கே குடோனிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூல்கள் இறங்கின. விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. கவுண்டருக்கு ஒன்று போட்டு எங்களை உட்காரச் சொன்னார்கள். அதிகாரி போட்டோ எடுத்துக்கொண்டார். என்னிடம், “ஏம்மா, தினமும் உட்கார விடுறாங்களா?” என்று கேட்டார். நல்ல மனுஷன், அக்கறையாகத்தான் கேட்டார். அவருக்குப் பின்னால் மேனேஜர் நின்றார். நான், “ஆமா சார்” என்றேன்.

அந்த இரண்டு வார்த்தையை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறுவதில்லை. சாயங்காலத்துக்குள் ஸ்டூல்களை அடுக்கி, அவற்றின் மேல் கட்டைப்பைக் கட்டுகளை வைத்துவிட்டார்கள்.

துறை ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். ஆகஸ்ட் 15 அன்று வேலை பார்த்ததற்கு எனக்கு ஒருமுறை இரட்டைச் சம்பளம் கிடைத்ததே அவர்கள் ஆய்வுக்கு வந்ததால்தான். தராசையும் அவர்கள்தான் பார்க்க வேண்டும், பொட்டலத்தில் அச்சிட்ட விலையையும், குழந்தைத் தொழிலாளர்களையும், குறைந்தபட்சக் கூலியையும் அவர்கள்தான் பார்க்க வேண்டும். ஒரு கடைக்கு அவர்களால் எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும் என்பது எனக்குப் புரிகிறது.

ஆனால் வருகிற அந்த ஒரு தடவை ஸ்டூலை எண்ணிவிட்டுப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆடித் தள்ளுபடியில், தீபாவளிக்கு முந்தைய வாரத்தில், இரவு எட்டு மணிக்கு வாருங்கள். கடையில் கேமரா இருக்கிறது. முந்தின நாள் மத்தியானம் இரண்டு மணிப் பதிவைப் போடச் சொல்லுங்கள், யார் உட்கார்ந்தார்கள் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எங்களிடம் கேட்பதாக இருந்தால் மேனேஜரை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். இல்லாவிட்டால் கடை விட்டு பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது கேளுங்கள், அங்கே யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். புகார் எண்ணை வாசலில் ஒட்டிப் பயனில்லை. பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். அங்கேதான் கேமரா இல்லை.

நான் இப்போது வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறேன். உட்கார்ந்துதான் வேலை. கால் வலி மட்டும் போகவில்லை, ராத்திரி தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். என் அக்கா மகள் அதே கடையில் சுடிதார் பிரிவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. வயது 21. போன வாரம் வந்தவள் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டே, “சித்தி, உங்களுக்கு முதல்ல எங்க வலிச்சது?” என்று கேட்டாள்.

அவள் அங்கே வேலையில் இருப்பதால் என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
முன்னாள் ஜவுளிக்கடை விற்பனையாளர்,
மதுரை.