தவணை இறுதிக் கடிதம்: கண்காட்சியும் ஒரு தொப்பியும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

தவணை நல்லபடியாக முடிகிறது. தேவாரப் போட்டியிலும் பூப்பந்திலும் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள், அறிவியல் விழாவும் சிறப்பாக நடந்தது. அனைவருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், வீரர்கள் தினக் கண்காட்சி பற்றி உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

அங்கே வைத்திருந்த அதிகாரித் தொப்பி நம் மாணவி ஒருவரின் கொள்ளுத்தாத்தாவுடையது. 1933இல் தொடங்கிய மலாய் ரெஜிமெண்ட் என்ற ராணுவப் படைப்பிரிவில் மலாய்க்காரர்களை மட்டுமே சேர்த்தார்கள். 1952இல் எல்லா இனத்தாருக்குமாகக் கூட்டரசு ரெஜிமெண்ட் அமைந்த பிறகுதான் தோட்டத்துப் பிள்ளையான அவருக்கு வழி பிறந்தது. கம்யூனிஸ்டு கிளர்ச்சியை எதிர்த்து மலாயாவில் நடந்த அவசரகாலத்தில் காட்டுக்குள் ரோந்து போனார். அது 1960 ஜூலை 31இல் முடிந்தது. அந்த நாளைத்தான் வீரர்கள் தினமாக நினைவுகூர்கிறோம். பின்னர் ஐ.நா. அமைதிப் பணிக்காக மலாயா சிறப்புப் படையோடு காங்கோவுக்குப் போனார். அங்கே தலையில் ஐ.நா.வின் நீலநிறம், இந்தத் தொப்பி வீட்டில் மனைவியின் பொறுப்பில் இருந்தது. முன்விளிம்பில் தங்கப் பின்னல் இல்லை, கவனித்தீர்களா? அது மேஜர் ஆனபின்தான் வரும். இது அவர் கேப்டனாக இருந்த காலத்துத் தொப்பி.

மதிப்பெண் அட்டை வாங்க வந்த சனிக்கிழமை, சிலர் பெட்டியைத் திறந்து தொப்பியைப் பிள்ளைகளின் தலையில் வைத்துப் படம் எடுத்திருக்கிறீர்கள். பெருமையில் செய்தது என்று எனக்குப் புரிகிறது. நம் இனத்து அதிகாரி ஒருவரின் தொப்பியைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் உள்ளே இருக்கும் தோல்பட்டையில் தலையெண்ணெய் இறங்கிவிட்டது. தாடைவார் ஒரு பக்கம் அறுந்து, அதைப் பிடித்திருந்த பித்தளைப் பொத்தானையும் காணவில்லை.

தடுத்த ஆசிரியையிடம் ஒருவர், “ஒரு தொப்பிதானே டீச்சர்” என்று குரலை உயர்த்தியிருக்கிறார். அதை நான் ஏற்கமாட்டேன். பிள்ளைகள் முன்னால் ஆசிரியரிடம் அப்படிப் பேசக்கூடாது. அந்தப் பொத்தானை அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் துடைத்து வைத்தவர் அவருடைய மனைவி. அந்தப் பாட்டியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார்.

பொத்தான் யாரிடமாவது இருந்தால், பிள்ளையின் பையில் கிடந்தாலும் சரி, ஓர் உறையில் போட்டு அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். யார், எப்படி என்று யாரும் கேட்கமாட்டோம். இனி கண்காட்சிப் பொருள்களைக் கண்ணால் மட்டும் பாருங்கள். கைவியர்வையின் உப்பு பித்தளையை அரித்துவிடும். படம் எடுக்கலாம், கண்ணாடிக்கு வெளியே நின்று.

இவ்வளவுக்குப் பிறகும் பாட்டி தொப்பியைத் திருப்பிக் கேட்கவில்லை. விடுமுறை முடியும்வரை பள்ளியிலேயே இருக்கட்டும் என்கிறார். அவருக்கும், பூட்டுள்ள கண்ணாடிப் பெட்டி செய்து தர முன்வந்த பெற்றோருக்கும், அன்று பொறுமையாக வரிசையில் நின்று பார்த்துப்போன உங்களில் பலருக்கும் என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்
கோலாலம்பூர்