மணாலி மலை சாகசப் பயணம்: சிறுவனுக்குப் பெரியவர்கள் ஓட்டும் வண்டியைக் கொடுத்தது குறித்த புகார்

அனுப்புநர்:
முன்பதிவு செய்த வாடிக்கையாளர்,
பீளமேடு, கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தங்கள் பயண நிறுவனத்தின் தலைமை அலுவலகம்,
சென்னை.

பொருள்: மணாலி அருகே சோலாங் பள்ளத்தாக்கில் பாதுகாப்பற்ற வண்டிகள் வழங்கப்பட்டதும் என் மகனுக்கு ஏற்பட்ட காயமும்

ஐயா,

உங்களிடம் ‘குடும்ப மலை சாகசம்’ என்ற திட்டத்தில் முன்பதிவு செய்து, நானும் மனைவியும் மகளும் மகனும் மே மாத இறுதியில் மணாலி போய்த் திரும்பினோம். அங்கே நடந்ததைத் தொலைபேசியில் சொன்னபோது, உங்கள் அலுவலகத்தில் பேசியவர், “வண்டி விடுவது அந்த ஊர்க்காரர்கள் சார், அதற்கு நாங்கள் பொறுப்பில்லை” என்று முடித்துக்கொண்டார். அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

விடுதியைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ எனக்குக் குறை இல்லை. ஒருநாள் காலை வெந்நீர் வரவில்லை. மலையில் அதெல்லாம் சகஜம்.

உங்கள் விளம்பரத் தாளை எடுத்துப் பாருங்கள். ஆளுக்கொரு வண்டி, சிறுவர்களுக்கு அவர்கள் வயதுக்கேற்ற சிறிய ஏ.டி.வி. (கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி), பெரியவர்களுக்கு டர்ட் பைக்கில் (மண்பாதைக்கென்றே செய்த பைக்) இரண்டு மணி நேரக் காட்டுப்பாதைப் பயணம், பயிற்சி பெற்ற வழிகாட்டி, தலை முதல் கால் வரை பாதுகாப்புக் கவசம். இவ்வளவையும் நீங்கள்தான் அச்சிட்டிருக்கிறீர்கள். ரசீதில் ‘சாகச விளையாட்டுக் கட்டணம் ரூ.26,000’ என்று தனி வரியாகவே போட்டு, அதற்கு வரியும் வாங்கியிருக்கிறீர்கள்.

முதல் கோளாறு பயணத் திட்டத்திலேயே இருந்தது. செவ்வாய்க்கிழமை மணாலிக்கு மேலே உள்ள ரோத்தாங் கணவாய், அங்கே பனியில் ஏ.டி.வி. ஓட்டம் என்று போட்டிருந்தீர்கள். பராமரிப்புக்காக ரோத்தாங் சாலையைச் செவ்வாய்க்கிழமைகளில் சுற்றுலா வண்டிகளுக்கு மூடிவிடுவார்கள் என்பது மணாலி டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. மற்ற நாட்களிலும் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு எடுக்காமல் மேலே போக முடியாது. அந்தப் பகுதியில் ஏ.டி.வி., பனி ஸ்கூட்டர் போன்ற வணிக விளையாட்டுகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தடை விதித்தது. பிறகு எங்கே எதற்கு அனுமதி கிடைத்தது, எதற்குக் கிடைக்கவில்லை என்று பார்த்துவிட்டு விளம்பரம் போடுவது உங்கள் வேலை, வாடிக்கையாளர் வேலை அல்ல.

அன்று எங்களைக் காப்பாற்றியவர் ஓட்டுநர். குலுவைச் சேர்ந்தவர். யாரையும் கேட்காமல் அடல் சுரங்கப்பாதை வழியாக மலைக்கு அந்தப் பக்கம் உள்ள சிஸ்ஸு கிராமத்துக்கு வண்டியை விட்டார். 9.02 கிலோமீட்டர் சுரங்கத்தின் இந்தப் பக்கம் தேவதாரு மரங்கள். அந்தப் பக்கம் வெளியே வந்தால் மொட்டை மலை. பயணம் முழுவதிலும் பிள்ளைகள் இன்னமும் பேசுவது அந்த ஒரு நாளைப் பற்றித்தான். அது உங்கள் தாளில் இல்லாத நாள். ஓட்டுநரைப் பாராட்டி ஒரு வரி அனுப்பினால் நல்லது.

அடுத்த நாள் சோலாங். காட்டுப்பாதை என்று நீங்கள் எழுதியது, பழைய டயர்களை வரிசையாக நட்டு எல்லை கட்டிய ஒரு சரிவு நிலம். சுற்றிச் சுற்றி அதிலேயே ஓட்ட வேண்டும். எங்களுக்கு முன்னால் நீண்ட வரிசை. இரண்டு மணி நேரம் என்பது, காத்திருந்த நேரத்தையும் சேர்த்தால் ஒருவேளை சரியாக வரலாம். ஆளுக்கொரு வண்டியும் கிடையாது. என் மனைவியை இன்னொருவர் பின்னால் ஏறிக்கொள்ளச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டுக் கீழே நின்றுகொண்டார். அவர் பங்குக் கட்டணமும் அந்த 26,000-த்தில் அடக்கம்.

என் மகள் கியர் வண்டி உரிமம் வைத்திருக்கிறாள், நன்றாகவும் ஓட்டுவாள். அவளுக்குக் கொடுத்த ‘டர்ட் பைக்’ சாதாரணச் சாலை வண்டிதான். பட்டன் டயரும் உயரமான மட்கார்டும் மாட்டியிருந்தார்கள். முன் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வழிந்து புழுதியோடு சேர்ந்து கருப்பாகப் படிந்திருந்தது. மேட்டில் வண்டி இழுக்கவில்லை என்றதற்கு, உயரமான இடம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார் வழிகாட்டி. சோலாங் 8,000 அடிக்கு மேலே. காற்று மெலிவதால் இன்ஜின் கொஞ்சம் சோர்வது உண்மை. ஆனால் இன்ஜின் அலறுகிறது, சக்கரம் நகரவில்லை என்றால் அது கிளட்ச் தேய்ந்துபோன வண்டி. என் தொழிலே வார்ப்படமும் பம்பு உதிரிபாகமும்தான். உயரத்தைக் காரணம் சொல்லி என்னைச் சமாதானப்படுத்த முடியாது. ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை, தாடைப்பட்டையின் பூட்டு உடைந்து, ஷூ லேஸ் கொண்டு முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

இதெல்லாம் காசு போனது என்று விட்டுவிடலாம். விட முடியாதது என் மகனுக்குக் கொடுத்த வண்டி.

அவனுக்குப் பதினோரு வயது. முன்பதிவுப் படிவத்தில் பிறந்த தேதி இருக்கிறது. சிறிய வண்டி எங்கே என்று கேட்டேன். ரிப்பேர் என்று சொல்லிவிட்டு, 250 சிசி பெரியவர் வண்டியில் அவனை ஏற்றினார்கள். நான் தடுக்க வாயெடுத்தபோது, “எங்கள் பையன் கூடவே ஓடி வருவான்” என்றார்கள். அந்த வண்டியின் முன் மட்கார்டில் விலைப்பட்டியல் ஸ்டிக்கர் ஒன்று: ஒரு சுற்றுக்கு இவ்வளவு, வீடியோவுக்கு இவ்வளவு. அதன் ஓரத்தில் சிவப்பு வட்டத்தின் ஒரு துண்டும் 16 என்ற எண்ணின் பாதியும் எட்டிப் பார்க்கின்றன. பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் ஓட்டக் கூடாது என்று வண்டியைத் தயாரித்தவர்கள் ஒட்டிய எச்சரிக்கையின் மேலேயே விலைப்பட்டியலை ஒட்டியிருக்கிறார்கள். மகள் எடுத்த படத்தில் இது தெளிவாகத் தெரிகிறது, இணைத்திருக்கிறேன்.

ஏ.டி.வி.யில் வேகம் கொடுப்பது வலது கட்டைவிரலால் அழுத்தும் ஒரு சிறு நெம்புகோல். பயந்த பிள்ளை கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும்; பிடி இறுகினால் கட்டைவிரலும் அழுந்தும்; வண்டி இன்னும் சீறும். இதற்காகத்தான் சுற்றுலா வண்டிகளில் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் சுருள் கயிறு ஒன்று வைப்பார்கள். ஓட்டுபவர் விழுந்தால் கயிறு இழுபட்டு இன்ஜின் நின்றுவிடும். இந்த வண்டியில் அந்தக் கயிற்றை வெட்டி எறிந்துவிட்டு, அதன் முனைத் துண்டை மட்டும் சுவிட்சில் செருகி, கருப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். அதாவது, எவர் விழுந்தாலும் இன்ஜின் நிற்காது. டேப் சுற்றியது தற்செயலாக நடக்கும் காரியம் அல்ல. யாரோ உட்கார்ந்து, யோசித்து, செய்த வேலை.

இரண்டாவது வளைவில், மேட்டில் திரும்பும்போது மகன் பயந்துவிட்டான். கூடவே ஓடி வந்த பையனால் ஈடுகொடுக்க முடியவில்லை. டயர் வரிசையில் ஏறி வண்டி சாய்ந்தது. அவன் ஒரு பக்கம் விழுந்தான். நல்லவேளையாக வண்டி அவன் மேல் விழாமல் கற்குவியலில் முட்டி நின்றது. நின்ற பிறகும் பின் சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. சாவியைத் திருப்பி நான்தான் அணைத்தேன். மணாலி மருத்துவமனைக்கு அந்த ஓட்டுநர்தான் கூட்டிப்போனார். மணிக்கட்டு எலும்பில் விரிசல், மாவுக்கட்டு. முதலுதவிப் பெட்டி கேட்டபோது மைதானத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் வண்டி ஏறுவதற்கு முன் ‘எது நடந்தாலும் நானே பொறுப்பு’ என்று இந்தியில் அச்சிட்ட தாளில் கையெழுத்து வாங்க மட்டும் மறக்கவில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதையே ஓட்டுநர் படித்துச் சொல்லித்தான் பிறகு தெரிந்துகொண்டேன்.

இப்போது உங்கள் பதிலுக்கு வருகிறேன். சோலாங்கில் யாருக்கும் நான் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. நான் நீட்டியது உங்கள் முத்திரை போட்ட சீட்டு. அந்த ஆட்களைத் தேர்ந்தெடுத்தது நீங்கள்; அவர்களிடம் சிறுவர் வண்டி இருப்பதாக எழுதியது நீங்கள்; பணம் வாங்கியது நீங்கள். நான் அனுப்பும் பம்பு உறையில் வெடிப்பு விழுந்தால், மணல் கொடுத்தவர் வேறு ஆள் என்று என் வாடிக்கையாளரிடம் சொல்லித் தப்ப முடியுமா? இமாசலத்தில் சாகச விளையாட்டு நடத்துபவர்கள் மாநிலச் சுற்றுலாத் துறையில் பதிவு செய்ய வேண்டும். அந்த இடத்துக்குப் பதிவு இருக்கிறதா என்று ஒருமுறையாவது கேட்டீர்களா?

நான் கேட்பது இவ்வளவுதான். சாகச விளையாட்டுக் கட்டணம் முழுவதையும் வரியோடு திருப்பித் தர வேண்டும். மகனின் மருத்துவச் செலவை, இணைத்துள்ள ரசீதுகளின்படி, ஏற்க வேண்டும். அந்த ஆட்களிடம் இனி எந்தக் குடும்பத்தையும் அனுப்ப மாட்டோம் என்று எழுதித் தர வேண்டும். மூன்றில் எதை விட்டாலும் கடைசியை விட மாட்டேன். ஏனென்றால் இதே விளம்பரம் இன்றும் உங்கள் இணையதளத்தில் அப்படியே இருக்கிறது.

கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் இடம் தருகிறது. இந்தத் தொகைக்கு நீதிமன்றக் கட்டணமும் கிடையாது. ரசீது, விளம்பரத் தாள், படங்கள், எக்ஸ்ரே எல்லாவற்றின் நகலும் இத்துடன் உள்ளன; அசல்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். தொலைபேசி அழைப்பு வேண்டாம். சலுகை விலையில் இன்னொரு பயணம் தருவதாகவும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
(கையொப்பம்)