ஸ்டாக்ஸ் பாட்டுகளில் வாசித்தவர்கள் பெயரையும் போடுங்கள்

வார்னர் மியூசிக், காங்கார்ட் நிறுவனங்களில் பழைய இசைப்பதிவுகளைக் கவனித்துக்கொள்பவர்களுக்கு,

வணக்கம்.

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் என்ற சோல் இசைத்தட்டுக் கம்பெனியின் பாட்டுகள் இன்று உங்கள் இருவரிடமும் பாகம் பிரிந்து கிடக்கின்றன. 1968 மே வரை அட்லாண்டிக் என்ற பெரிய இசைத்தட்டுக் கம்பெனி வழியாக விற்றவை வார்னரிடம், பிந்தியவை பெரும்பாலும் காங்கார்டிடம். ஸ்டாக்ஸை நிறுவிய ஜிம் ஸ்டூவர்ட் 1965இல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி மூலப்பதிவுகளெல்லாம் அட்லாண்டிக்குக்கே சொந்தம். அட்லாண்டிக் கைமாறிய நேரத்தில்தான் அவருக்கே அது உறைத்தது. அந்தப் பழைய வழக்கைக் கிளற நான் வரவில்லை. கேட்பது ஒன்றுதான்: செயலிகளில் பாட்டைத் தொட்டால் பாடகர் பெயர் வருகிறது, வாசித்தவர்கள் பெயரும் அதே இடத்தில் வரட்டும்.

சாம் அண்டு டேவ் என்ற பாடகர் ஜோடி பாடிய 'சோல் மேன்' (1967) பாட்டில், "வாசி, ஸ்டீவ்!" என்று உற்சாகம் தாங்காமல் சாம் மூர் கூவுவார். ஸ்டீவ் க்ராப்பர் அங்கே சிகரெட் லைட்டரைக் கிடார் கம்பியில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு கூவலால் அவர் பெயர் தட்டிலேயே பதிந்துவிட்டது. பக்கத்தில் டிரம்ஸ் வாசித்த அல் ஜாக்சனை யாரும் கூப்பிடவில்லை. பேஸ் வாசித்த டக் டன்னையும்தான்.

ஸ்டாக்ஸின் ஒலிப்பதிவுக் கூடம் மக்லமோர் சாலையில் இருந்த ஒரு பழைய சினிமா கொட்டகை. நாற்காலிகளைப் பிடுங்கிப் போட்டார்களே தவிர, சரிவான தரையைச் சமப்படுத்தவில்லை. தட்டுகளில் கேட்கும் அந்த முழக்கத்தில் அந்தச் சரிவுக்கும் பங்குண்டு. தின்பண்டம் விற்ற இடத்தில் எஸ்டெல் ஆக்ஸ்டன் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். தம்பி ஜிம்மின் கம்பெனிக்காக வீட்டையே அடமானம் வைத்து ஒலிப்பதிவுக் கருவி வாங்கித் தந்த அக்கா அவர். 1962இல் ஒரு நாள், வேறொருவர் பதிவு முடிந்த ஓய்வு நேரத்தில் கொட்டகைக்குள் சும்மா வாசித்துப் பார்த்ததிலிருந்துதான் 'கிரீன் ஆனியன்ஸ்' என்ற மெட்டு பிறந்தது. ஆர்கன் வாசித்த புக்கர் டி. ஜோன்ஸுக்கு அப்போது 17 வயது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் சாப்பிடுவதே பெரும்பாடாக இருந்த ஊரில், ஜோன்ஸ், ஜாக்சன், க்ராப்பர், பிற்பாடு சேர்ந்த டன் என்று இரண்டு கறுப்பர்களும் இரண்டு வெள்ளையர்களுமாக அந்தக் குழு வாசித்தது. பாடகர்கள் ஓட்டிஸ் ரெடிங்குக்கும் அவர்கள்தான், ஆல்பர்ட் கிங்குக்கும் அவர்கள்தான்.

1975 டிசம்பரில் கம்பெனி திவாலாகி, பிறகு பூட்டப்பட்டது. 1989இல் கொட்டகையையும் இடித்தார்கள். பிறகு மனசு கேட்காமல் அதே இடத்தில், அதே முகப்போடு 2003இல் அருங்காட்சியகம் கட்டினார்கள். பக்கத்திலேயே பிள்ளைகளுக்கு இசைப் பள்ளியும் நடக்கிறது. அங்கே டிரம்ஸ் பழகும் பிள்ளை ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, "இதை வாசித்தது யார்?" என்று தேடினால் செயலியின் அடுக்குகளுக்குள் அலைய வேண்டியிருக்கிறது. அலைந்தாலும் எல்லாப் பாட்டுக்கும் விடை கிடைப்பதில்லை.

அந்தக் காலத்துப் பதிவுக் குறிப்புகள் பல தொலைந்திருக்கலாம். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் போடுங்கள், ஐயமிருந்தால் காலியாக விடுங்கள். ஆனால் ஆளுக்கொரு பட்டியல் போட்டுவிடாதீர்கள். 1968 மேக்கு முன்னும் பின்னும் அல் ஜாக்சன் ஒரே ஆள்தானே? இருவரும் கூடி உட்கார்ந்து, அருங்காட்சியகத்தாரையும் சேர்த்துக்கொண்டு ஒரே பட்டியலாகப் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு சோல் இசை ரசிகன்