ஜடைக்கு மொட்டு, மேடைக்கு உன் இஷ்டம்

அன்பு மகளுக்கு,

போனில் ஆரம்பித்தால் "மீட்டிங் இருக்கும்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி. மாப்பிள்ளையிடமும் காட்டு.

நீ அனுப்பிய மேடைப் படங்களைப் பார்த்தேன். நீலமும் வெள்ளையுமாகப் பந்து பந்தாக இருக்கிறதே, அது ஹைட்ரேஞ்சியா. கொடைக்கானலில் வீட்டு வேலியோரமெல்லாம் பூத்துக் கிடக்குமே, அதேதான். அழகில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உன் கல்யாணம் வைகாசியில், அதுவும் மதுரையில். கத்திரி முடிந்துவிட்டது என்று காலண்டர்தான் சொல்லும், வெயில் சொல்லாது. மலையில் வளர்கிற பூவை இங்கே கொண்டுவந்து விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தினால், வரவேற்புக்கு ஆள் வந்து சேர்வதற்குள் தலை தொங்கிவிடும். மேடையில் ஓர் ஓரமாக ஆசைக்குக் கொஞ்சம் வைத்துக்கொள். மொத்த மேடையையும் அதை நம்பி விடாதே.

வெயில் காலத்தில் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. மல்லி பங்குனியில் பிடித்தால் ஆனி வரைக்கும் கொட்டும். தை மாதக் கல்யாணக்காரர்கள் கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, அதற்கும் பனியில் கருகிய மொட்டைத்தான் வாங்கிப் போவார்கள். வைகாசியில் அந்தத் தொல்லை இல்லை. முகூர்த்த நாள் என்றால் விலை ஏறும், ஆனால் பூ நன்றாக இருக்கும். சம்பந்தி அம்மாள் அன்றைக்கு, "சத்தியமங்கலத்து மல்லியே போதுமே, நாங்களே கொண்டுவந்துவிடுகிறோம்" என்றார். நான் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். மதுரை மல்லி 2013-ல் புவிசார் குறியீடு வாங்கியது என்று அவரிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? நம் மொட்டுக்கு இதழ் தடிமன், காம்பும் நீளம். நார் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் வதங்காது. மாட்டுத்தாவணியில் அப்பாவே நின்று வாங்கிவிடுவார்.

பூ விஷயத்தில் எந்தப் பூ என்பதைவிட எத்தனை மணிக்கு என்பதுதான் பெரிய கேள்வி. மல்லியை விடியலில் மொட்டாகப் பறிப்பார்கள். அன்று இரவு ஏழெட்டு மணிக்கு அது விரியும். முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு இருக்கிறதல்லவா, அதற்குக் காலையில் வாங்கிய பூ கச்சிதமாக இருக்கும். நீ மேடையில் நிற்கும்போது பூ விரிந்து மணக்கும். முகூர்த்தம்தான் சிக்கல். காலை ஆறு மணி முகூர்த்தத்துக்கு அன்று பறித்த பூ வந்து சேராது. முதல் நாள் பூவை வெளியில் வைத்தால் ராத்திரியே விரிந்து, விடியும்போது ஓரம் பழுப்பாகிவிடும். அதனால் முகூர்த்தப் பூவை மட்டும் தனியாக வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஐஸைத் தாளில் சுற்றித்தான் வைக்க வேண்டும். மொட்டு அதில் நேராகப் பட்டால் அந்த இடம் கண்ணாடி மாதிரி ஆகிப் பிறகு கறுத்துவிடும்.

ஜடைக்கும் இதே கணக்குத்தான். பூ ஜடை தைப்பதை நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. வாழைப்பட்டையை ஜடை நீளத்துக்கு நறுக்கிக்கொண்டு, மொட்டுகளை ஒரே அளவாகப் பொறுக்கி, நெருக்கி வைத்து ஊசியால் வரிசை வரிசையாகத் தைப்பார்கள். ஒரு மொட்டு விரிந்திருந்தாலும் அந்த வரிசையே கெட்டுவிடும். பட்டையில் ஈரம் இருப்பதால் மொட்டு வாடாமல் இருக்கும். நடுவில் நிறத்துக்குக் கனகாம்பரம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கு வாசனை கிடையாது, ஆனால் மறுநாளும் நிறம் மாறாமல் அப்படியே இருக்கும். தைத்த ஜடையை ஈரத்துணியில் சுற்றி வைத்தால் போதும். தண்ணீர் தெளிக்கிறேன் என்று யாராவது சொம்போடு வந்தால் விடாதே. சித்தி நிச்சயம் வருவாள்.

மாலை விஷயத்தில் உன்னோடு எனக்குச் சண்டை. ரோஜா இதழை மடித்துக் கட்டிய மாலைதான் வேண்டும் என்கிறாய். ஏசி மண்டபத்தில் வரவேற்புக்கு அது சரி. முகூர்த்தத்தில் எதிரே ஹோமம் எரியும். அந்த அனலில் இதழ் ஓரம் கறுத்துவிடும், அத்தனை போட்டோவிலும் தெரியும். முகூர்த்தத்துக்குச் சம்பங்கி மொட்டு மாலை, இடையில் மரிக்கொழுந்து, அடியில் குஞ்சத்துக்கு மட்டும் ரோஜா என்று வைத்துக்கொள்வோம். சம்பங்கி கனமானது. மூன்று தடவை மாற்றிப் போட்டுவிட்டு, அதையே கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும், கழுத்து வலிக்கும். அதனால் ரொம்பப் பருமன் வேண்டாம் என்று பூக்கட்டுகிறவரிடம் சொல்லிவிட்டேன். "பெரிய இடத்துக் கல்யாணம் மாதிரி தடிமனா கட்டித் தர்றேம்மா" என்றார். அது வேண்டாம் என்றேன்.

மேடைக்கு ஓசூர் ரோஜாவோ, ஜெர்பராவோ, கார்னேஷனோ, உன் இஷ்டம். அலங்காரக்காரரிடம் இரண்டு விஷயம் மட்டும் கேட்டுக்கொள். பூ வந்து இறங்கியதும் காம்பைச் சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள் போகும் இலையை உருவிவிட்டு, வாளித் தண்ணீரில் மூன்று நான்கு மணி நேரமாவது நிறுத்துவாரா? பெட்டியிலிருந்து எடுத்து நேராக மேடையில் குத்துகிறவர் என்றால் வேறு ஆளைப் பார். இரண்டாவது, இரவு பூவை எங்கே வைப்பார்? மண்டபத்தில் குளிர்ச்சியாக இருக்கிற அறை சீர்த்தட்டு வைக்கிற அறைதான், எல்லோரும் பூக்கூடையையும் அங்கேயே கொண்டு போய் வைப்பார்கள். அங்கேதான் மாம்பழமும் வாழைப்பழமும் இருக்கும். பழுக்கிற பழத்திலிருந்து வருகிற வாயு பூவைச் சீக்கிரம் வாட வைக்கும். கார்னேஷன் சுத்தமாகத் தாங்காது. பழத்தட்டுக்கு ஓர் அறை, பூவுக்கு ஓர் அறை என்று மண்டபத்து மேனேஜரிடம் பேசியாகிவிட்டது.

அப்புறம் அரளி. வெயிலுக்குத் தாங்கும், விலையும் குறைவு என்று அலங்காரக்காரர் எல்லா இடத்திலும் வைக்கப் பார்ப்பார். தோரணத்துக்கு வைக்கட்டும். ஆனால் அரளியில் பூ, இலை, பால் எல்லாமே விஷம். குழந்தைகளுக்கு எட்டுகிற உயரத்திலும் சாப்பாட்டு மேசையிலும் வேண்டாம். வெல்கம் டிரிங்க் தம்ளரில் ரோஜா இதழ் மிதக்கவிடுவது என்று எழுதியிருந்தாயே, அதுவும் வேண்டாம். சந்தைப் பூவுக்கு எத்தனை மருந்து அடித்திருப்பார்களோ! வாசல் உருளியில் மிதக்கட்டும், யாரும் குடிக்கப் போவதில்லை.

அப்பா இதையெல்லாம் படித்துவிட்டு, "பூவுக்கே இவ்வளவா?" என்கிறார். சமையல்காரரோடு அவர் பேசிய பேச்சைவிட இது குறைவுதான்.

ஜடை தைப்பவர் அளவு கேட்கிறார். பின்கழுத்திலிருந்து இடுப்புக்குக் கீழே எதுவரை வேண்டுமோ, அதுவரை டேப் வைத்து அளந்து இன்றைக்கே அனுப்பு. போன மாதம் மாதிரி முடியை வெட்டிவிட்டு வந்து நிற்காதே; சவுரி வைத்துத்தான் பின்ன வேண்டும் என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா