இறந்த தங்கையின் பிள்ளைகளுக்குக் கார்டியன் உத்தரவு பெற இலவச வழக்கறிஞர் கேட்டு மனு

அனுப்புநர்:
மனுதாரர் (பெயர், முகவரி இணைப்பில்),
ஏரியூர் அருகில், பென்னாகரம் வட்டம்,
தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தருமபுரி.

பொருள்: தாய் இறந்து, தந்தை கைவிட்ட இரண்டு பிள்ளைகளுக்கு நான் கார்டியனாக நீதிமன்ற உத்தரவு பெற இலவச வழக்கறிஞர் அமர்த்தித் தரக் கோருதல் – மூன்று முறை மனு கொடுத்தும் பதில் இல்லாமை – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். நான் புளி தட்டும் கூலி வேலை செய்து வருகிறேன். என் தங்கை ஒசூரில் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். வேலையில் இருக்கும்போதே போன சித்திரையில் மஞ்சள் காமாலை வந்து இறந்துவிட்டாள். அவள் மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு படிக்கிறார்கள். அவள் வீட்டுக்காரர் அதற்கு மூன்று வருடம் முன்பே பெங்களூரு போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். பிள்ளைகள் என்னிடமும் என் அம்மாவிடமும் இருக்கிறார்கள்.

எங்கள் பக்கம் தாங்கள் அறியாதது இல்லை. நெருப்பூர், நாகமரை, ஏரியூர் என்று எந்த ஊருக்குப் போனாலும் பெற்றவர்கள் கட்டட வேலைக்குப் போயிருப்பார்கள், வீட்டில் ஆயாதான் பிள்ளை வளர்க்கும். பெற்றவர்கள் திரும்பி வந்தால் சரி. வராத வீட்டில் பிள்ளைக்குக் கையெழுத்துப் போட யாருக்கு உரிமை என்பதுதான் என் பிரச்சனை.

1. தங்கை தன் பி.எஃப். கணக்கில் இரண்டு பிள்ளைகளையும்தான் நாமினியாக எழுதியிருக்கிறாள். அந்தத் தாளின் ஜெராக்ஸைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ராகி டின்னுக்குள் வைத்திருந்தாள். பி.எஃப். பணம், அதோடு சேர்ந்த இன்சூரன்ஸ், பிள்ளைகளுக்கு 25 வயது வரை வரவேண்டிய பென்ஷன் எல்லாம் நிற்கிறது. பி.எஃப். ஆபீஸில் கேட்டால், பிள்ளைகள் மைனர், நீங்கள் பெரியம்மாதான், கோர்ட் கொடுத்த கார்டியன் உத்தரவு இல்லாமல் உங்கள் கையெழுத்து செல்லாது என்கிறார்கள். 1956ஆம் வருட இந்து மைனர், கார்டியன் சட்டப்படி தாய் இல்லாவிட்டால் தகப்பன்தான் கார்டியனாம்.

2. பணம் இருப்பது எப்படியோ தெரிந்து, தங்கை வீட்டுக்காரர் மூன்று வருடத்தில் முதல் முறையாக போன் செய்தார். "நான் கையெழுத்துப் போடுறேன், பணம் என் அக்கவுண்டுக்கு வரட்டும்" என்றார். பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் ஐயா. அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. விட்டுப் போனவர் கையெழுத்து செல்லும், காய்ச்சலில் கிடந்த பையனைத் தோளில் போட்டு ஏரியூர் ஆஸ்பத்திரிக்கு நடந்த என் கையெழுத்து செல்லாது. எனக்கு வேறு எந்தக் குறையும் இதைப்போல் வலிக்கவில்லை.

3. 1890ஆம் வருடக் கார்டியன் சட்டத்தில் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டால் உத்தரவு கிடைக்கும் என்றார்கள். விசாரித்த வக்கீல் 30,000 ரூபாய் கேட்டார். நாள் முழுக்கப் புளி தட்டினால் எனக்கு 250 ரூபாய்.

4. இலவச சட்ட உதவி எண் 15100க்கு போன் செய்து கேட்டேன். 1987ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12ஆம் பிரிவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வக்கீல் இலவசம், வருமான வரம்பே கிடையாது. அப்படியிருக்க ஆடி மாதம் ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தபோது வருமானச் சான்றிதழ் கொண்டு வா என்றார்கள். வாங்கிக்கொண்டு புரட்டாசியில் போனேன். தகப்பன் ஆதார் நகல் வேண்டும் என்றார்கள். கார்த்திகையில் போனபோது, அவரையே அழைத்து வாருங்கள் என்றார்கள். யாரை எதிர்த்து உத்தரவு கேட்கிறேனோ அவரையே கூட்டிக்கொண்டு வரவேண்டுமாம்! இது என்ன நியாயம்? ஒவ்வொரு முறையும் இரண்டு பஸ் மாறி, இண்டூர் வழியாக தருமபுரி வந்து, கூலியை விட்டுவிட்டு நிற்கிறேன். மூன்றாவது முறை, பிள்ளைகள் எங்களிடம்தான் இருக்கிறார்கள் என்று அம்மாவின் கைரேகை வாங்கி வரச் சொன்னார்கள். புளி ஓடு உடைத்து உடைத்து அம்மாவுக்கு ரேகை தேய்ந்துபோய்விட்டது. மூன்று தடவை மை வைத்தும் பதியவில்லை. நான்காவது தடவை பேத்தி தன் துப்பட்டாவில் அந்தக் கட்டைவிரலைத் துடைத்து, தானே பிடித்துக் காகிதத்தில் அழுத்தினாள். அந்தக் காகிதம் இப்போது எந்த மேசையில் கிடக்கிறதோ தெரியவில்லை. கேட்டால் மேலே அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். எந்த மேலே ஐயா? அதனால்தான் தங்களிடம் வந்திருக்கிறேன்.

5. ஆதரவில்லாத பிள்ளைகளுக்கு அரசு மாதம் 2,000 ரூபாய் கொடுக்கும் அன்புக்கரங்கள் திட்டம் பற்றித் தனியாக மனு கொடுப்பேன். இந்த மனுவில் நான் கேட்பது வக்கீல் ஒன்றுதான்.

ஆகவே ஐயா அவர்கள் தயவுகூர்ந்து இந்த மனுவை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் பரிந்துரைத்து, எனக்கு ஒரு வழக்கறிஞரை அமர்த்தித் தர வேண்டுகிறேன். குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து யாரையாவது வீட்டுக்கு அனுப்பி, பிள்ளைகள் யாரிடம் வளர்கிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டு அறிக்கை எழுதச் சொல்லுங்கள். உத்தரவு வரும்வரை அந்தப் பணத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று ஒரு கடிதம் போடச் சொல்லுங்கள். பணம் என் கைக்கு வரவே வேண்டாம் ஐயா. 18 வயது வரை பிள்ளைகள் பெயரில் பேங்கில் கிடக்கட்டும், பென்ஷன் மட்டும் படிப்புக்கு வந்தால் போதும். வக்கீல் ஒருவரைக் கொடுங்கள் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

எங்கள் பக்கம் ஒரு நாள் சட்ட உதவி முகாம் வைத்தாலும் நல்லது. என்னைப் போல் ஏழெட்டுப் பேரை நானே அழைத்து வருவேன்.

பகலில் புளி மண்டியில் போன் எடுக்க விடமாட்டார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் அழைத்தால் எடுப்பேன். பையன் எடுத்தாலும் விவரத்தைச் சொல்லுங்கள், நோட்டில் எழுதி வைப்பான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இணைப்பு: தங்கையின் இறப்புச் சான்றிதழ், நாமினி தாள், முந்தைய மூன்று மனுக்களின் ரசீதுகள்.